25 ஆண்டுப் போக்குவரத்துத் திட்ட வரைவு வந்திருக்கிறது, மூன்று நிமிடத்தில் எதைப் பேசுவது?

வரைபடப்பித்தன்:

எங்கள் நகரத்துக்கு அடுத்த 25 ஆண்டுக்கான போக்குவரத்துத் திட்ட வரைவு வெளியாகியிருக்கிறது. முந்நூறு பக்கத்துக்கு மேல். கருத்துச் சொல்ல ஒரு மாதம் கெடு, அதில் பத்து நாள் போய்விட்டது. நான் பொறியாளர் இல்லை, தினமும் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறவன், அவ்வளவுதான். முதல் ஐந்தாண்டில் எட்டு மேம்பாலம், இரண்டு சாலை அகலப்படுத்தல், ஒரு வெளிவட்டச் சாலை என்று போட்டிருக்கிறார்கள். பேருந்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, ஆனால் "ஊக்குவிக்கப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. மெட்ரோ கடைசிக் கட்டத்தில், வரைபடத்தில் வெறும் புள்ளிக்கோடு. அந்தக் கோடு போகிற இடம் இப்போது பெரும்பாலும் காலி நிலம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தானாம். எல்லாவற்றையும் குறை சொன்னால் எதுவும் அவர்கள் காதில் ஏறாது. எந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வது? அப்புறம் ஒரு அடிப்படைச் சந்தேகமும் உண்டு: 25 ஆண்டு கழித்து என்ன வண்டி ஓடும் என்றே தெரியாதபோது இப்படியொரு திட்டம் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

நடராஜாசர்வீஸ்:

மேம்பாலத்தைப் பிடியுங்கள், வேறெதுவும் வேண்டாம். சாலையை அகலமாக்கினால் நெரிசல் குறையும் என்பது இடுப்பு பெருத்தால் பெல்ட்டைத் தளர்த்துகிற வைத்தியம். 1962-லேயே ஆன்டனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். காரணம் சாதாரணமானது: நெரிசலுக்குப் பயந்து விடிகாலையிலேயே கிளம்பியவர் இனி எட்டு மணிக்குக் கிளம்புவார், வேறு சாலையில் போனவர் இங்கே வருவார், பேருந்தில் போனவர் வண்டி எடுப்பார், சில ஆண்டில் ஊருக்கு வெளியே இன்னும் தள்ளிப்போய் வீடு வாங்குவார்கள். இடம் நிரம்பிவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற அதிவேகச் சாலையை 2008-ல் விரித்து முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுக்குள் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. சியோலில் நேர்மாறாக, 2003-ல் ஒரு மேம்பாலச் சாலையையே இடித்துவிட்டு அதற்கடியில் புதைந்து கிடந்த செயோங்க்யெசியோன் ஓடையை 2005-ல் திறந்துவிட்டார்கள். பேருந்து வழித்தடங்களை 2004-ல் மாற்றியமைத்து, சாலை நடுவில் பேருந்துக்குத் தனித் தடமும் போட்டார்கள். ஊர் ஸ்தம்பித்துப் போகவில்லை.

சுமைதூக்கி:

மேலே எழுதியவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் வெளிவட்டச் சாலையையும் மேம்பாலத்தையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். நான் சரக்கு அனுப்புகிற தொழிலில் இருக்கிறேன். ஊருக்குள் எந்த வேலையும் இல்லாத லாரி ஊரைக் கடந்து போவதற்காக நடு ஊரில் வந்து நிற்கிறது, ஓட்டுநருக்கும் நரகம், ஊருக்கும் நரகம். அந்த லாரிக்கு வெளிவட்டச் சாலை தேவைதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வாசல் வைத்துக் கட்டடம் கட்ட அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். பத்து வருடத்தில் அதுவும் ஊருக்குள் ஒரு சாலையாகிவிடும், பிறகு அதற்கு வெளியே இன்னொரு வட்டம் கேட்பார்கள். ஆகவே "வேண்டாம்" என்று சொல்வதைவிட "எத்தனை இடத்தில் உள்ளே நுழைய வழி விடப்போகிறீர்கள்" என்று கேளுங்கள்.

பழையகணக்கர்:

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு, எந்தச் சாலையில் எத்தனை பேர் போவார்கள் என்று கணிக்கும் கணக்கு மாதிரி தயாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் கடைசிச் சந்தேகத்திலிருந்தே வருகிறேன், பதில் அங்கேதான் இருக்கிறது.

என்ன வண்டி ஓடும் என்பது தெரிய வேண்டியதே இல்லை. 1811-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்குத் தெரு வரைந்தபோது ஊரில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை, எல்லோரும் தீவின் தென்முனையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். வரைந்தவர்கள் வயலுக்கும் பாறைக்கும் மேல் 155-ஆம் தெரு வரை கோடு இழுத்தார்கள், அவென்யூக்களுக்கு 100 அடி அகலம் விட்டார்கள். கார், மின்சார ரயில் எதையும் அவர்கள் கண்டதில்லை. பார்சிலோனாவில் செர்தா என்ற பொறியாளர் 1859-ல் போட்ட திட்டமும் அப்படித்தான், சாதாரணத் தெருவுக்கே 20 மீட்டர். டிராம், கார், பேருந்து, இப்போது சைக்கிள் தடம் என்று எல்லாம் மாறி மாறி அந்த அகலத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. வண்டி மாறும், தெரு மாறாது. ஒருமுறை வீடு வந்துவிட்டால் அந்த நிலத்தைத் திரும்ப வாங்க ஆகும் செலவும் வழக்கும் எந்தத் திட்டத்தையும் படுக்க வைத்துவிடும்.

ஆக நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தப் புள்ளிக்கோட்டைத்தான். அது சட்டப்படி ஒதுக்கிய நிலமா, இல்லை ஓவியரின் கைவண்ணமா? எத்தனை மீட்டர் அகலம்? அதன்மேல் மனை போட அனுமதி கேட்டு யாராவது வந்தால் மறுக்க அதிகாரம் யாருக்கு? போக்குவரத்துத் திட்டத்தை ஒரு துறையும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை இன்னொரு துறையும் தயாரிப்பது வழக்கம், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. பின்னிணைப்பில் நிலப் பயன்பாட்டு வரைபடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

முன்கணிப்பு எண்களைக் கண்டு மிரளவும் வேண்டாம். ஃப்ளிவ்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டிருந்தது தெரிந்தது. சாலைத் திட்டங்களிலும் பாதியில் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். இன்னொரு தொழில் ரகசியம்: மாதிரியில் ஊரை மண்டலம் மண்டலமாக வெட்டுவோம், ஒரு மண்டலத்துக்குள்ளேயே நடக்கிற பயணம் சாலை வரைபடத்தில் ஏறவே ஏறாது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு நடந்து திரும்புகிறவர் அந்தக் கணக்கில் இல்லாதவர். நடைபாதைக்குக் காசு ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நானே அப்படி நிறைய அறிக்கை எழுதியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரைபடப்பித்தன்:

ஐயா, நீங்கள் சொன்னபடி பின்னிணைப்பைத் தேடி எடுத்தேன். புள்ளிக்கோட்டின் மேலேயே இரண்டு இடத்தில் மஞ்சள் அடித்து "உத்தேசக் குடியிருப்பு" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆவணத்துக்குள், எழுபது பக்க இடைவெளியில்! அகலம் எங்கேயும் எழுதவில்லை. சரி, ஒதுக்கச் சொல்கிறேன். ஆனால் மெட்ரோ வர இருபது வருடம் ஆகும் என்றால் அதுவரை அந்த நிலம் சும்மா கிடக்குமா? சும்மா கிடந்தால் யாராவது குடிசையோ கிடங்கோ போட்டுவிடுவார்களே.

பழையகணக்கர்:

சும்மா விடக்கூடாது, பேருந்தை விடச் சொல்லுங்கள். பிரேசிலின் குரிட்டிபா 1966-ல் முழுமைத் திட்டம் போட்டது, 1974-ல் அந்தத் திட்டத்தில் குறித்த தடங்களில் தனிப் பேருந்துப் பாதை வந்தது. முக்கியமான விஷயம், உயரமான கட்டடத்துக்கு அந்தத் தடங்களை ஒட்டித்தான் அனுமதி. பயணிகள் தானாகப் பாதையோரம் வந்து குடியேறினார்கள். இன்று அங்கேயும் கார் பெருத்துவிட்டது, அது வேறு கதை.

கணக்கு கேட்பார்கள், தயாராகப் போங்கள். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒன்றில் 60 பேர் என்றால் ஒரு தடத்தில் மணிக்கு 3,600 பேர். சிக்னல் உள்ள அதே தடத்தில் மணிக்கு 800 கார் போவதாகவும் காருக்கு ஒன்றரை ஆள் என்றும் வைத்துக்கொண்டால் 1,200.

நடராஜாசர்வீஸ்:

நிமிடத்துக்கு ஒன்று எந்த ஊரில் ஐயா வருகிறது! அரை மணிக்கு ஒன்று வந்தாலே கும்பிடு போடுகிறோம். தடம் மட்டும் போட்டுவிட்டு வண்டி விடாவிட்டால், காலியாகக் கிடக்கும் பாதையைக் காட்டியே கார்க்காரர்கள் அதைப் பிடுங்கிவிடுவார்கள். ஓட்டுநர் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் வருடா வருடம் காசு எங்கிருந்து வரும் என்று அந்த முந்நூறு பக்கத்தில் எங்காவது இருக்கிறதா? எனக்கு மேம்பாலம்தான் இன்னும் முதல் எதிரி, ஆனால் மூன்று நிமிடம்தான் என்றால் புள்ளிக்கோட்டுக்கு வழிவிடுகிறேன்.

சுமைதூக்கி:

ஒரு யோசனை. இரண்டு வரைபடத்தையும் ஒரே அளவில் அச்செடுங்கள், மெட்ரோக் கோட்டை மட்டும் டிரேசிங் பேப்பரில் படியெடுத்து மஞ்சள் அடித்த வரைபடத்தின் மேல் வைத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நீட்டுங்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள்.

வரைபடப்பித்தன்:

டிரேசிங் பேப்பர் வாங்கியாயிற்று. ஒரு சின்னச் சிக்கல், இரண்டு வரைபடமும் வேறு வேறு அளவுகோலில் இருக்கிறது, ஒன்றில் அளவுகோலே போடவில்லை. ஆற்றையும் ரயில் பாதையையும் வைத்துப் பொருத்திப் பார்க்கிறேன்.