கால் மெலனோமாவுக்கு ஐ.எல்.ஐ.: ஆக்சிஜனேட்டர் இல்லாமல் அரை மணி நேரம் தசை தாங்குமா?

புதுக்கத்தி:
ஒரு நோயாளிக்கு முழங்காலுக்குக் கீழே தோலில் வரிசையாக மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) கட்டிகள், வெட்டி மாளாது. காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரித்துக் கீமோ கொடுக்கும் ஐ.எல்.ஐ. (isolated limb infusion) பற்றி மூன்று சந்தேகம். டோஸ் உடல் எடைக்கா, காலின் கன அளவுக்கா? இதன் மூத்த முறையான ஐ.எல்.பி.யில் (isolated limb perfusion) ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர் உண்டு, இதில் இல்லை, தசை செத்துவிடாதா? முடிந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

இருகுழாய்:
இரண்டாவதிலிருந்து வருகிறேன். 1950-களின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய ஐ.எல்.பி.யில் ரத்தக்குழாயைத் திறந்து, இதய-நுரையீரல் கருவியோடு இணைப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் சிட்னியில் ஜான் தாம்ப்சன் குழு அதை எளிதாக்கியது: எதிர்த்தொடை இடுக்கில் ஊசி வழியே தமனிக்கு 6 ஃப்ரெஞ்ச், சிரைக்கு 8 ஃப்ரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) கதீட்டர், நுனிகள் முழங்கால் மட்டத்தில். மயக்கம் கொடுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு, தொடையில் காற்று டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) இறுக்கியபின், மருந்தைச் சில நிமிடங்களில் தமனி வழியே செலுத்தி, பெரிய சிரிஞ்சால் சிரையில் இழுத்துத் தமனியில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 20 முதல் 30 நிமிடம், அவ்வளவுதான்.

இந்த நேரத்துக்குள் கால் ஆக்சிஜன் குறைந்து அமிலமாகிறது. பயப்படாதீர்கள், அந்தச் சூழலில் இதற்கான முக்கியக் கீமோ மருந்தான மெல்ஃபாலான் இன்னும் வலுவாக வேலை செய்கிறது. அரை மணி நேரத்தைத் தசையும் தாங்கும். நேரத்தை மட்டும் நீட்டாதீர்கள்.

அளவுநாடா:
டோஸ் கன அளவுக்குத்தான். டூர்னிகேவுக்குக் கீழே சீரான இடைவெளியில் சுற்றளவு எடுத்துக் கணக்கிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி அளந்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 7.5 மி.கி. மெல்ஃபாலான், அதோடு சேர்க்கும் இன்னொரு கீமோ மருந்தான ஆக்டினோமைசின்-டி 75 மைக்ரோகிராம். கால் 8 லிட்டர் என்றால் 60 மி.கி., 600 மைக்ரோகிராம். இதில் நடக்கும் தவறு, பருமனான காலின் கொழுப்பையும் அப்படியே கணக்கில் சேர்ப்பது. கொழுப்புக்குள் மருந்து அவ்வளவாகப் போகாது, தசைக்குத்தான் கூடுதலாகச் சேரும். சில மையங்கள் லட்சிய உடல் எடைக்கு (உயரத்துக்குத் தகுந்த எடை) ஏற்ப டோஸைக் குறைக்கின்றன. அது சரியான வழக்கம் என்பதே என் கருத்து.

மெல்ஃபாலானைக் கரைத்து வைத்துக் காத்திருக்காதீர்கள், நேரம் ஆக ஆகச் சிதையும். டூர்னிகே இறுகியபின் கலந்தால் போதும். காலைச் சூடாக்குவதை மட்டும் முன்கூட்டியே தொடங்குங்கள்: கால் குளிர்ந்திருந்தால் தோல் நாளங்கள் சுருங்கி, கட்டி இருக்கும் இடத்துக்கே மருந்து போகாது. வெப்பக்காற்றுப் போர்வை, ரத்தச் சூடேற்றி இரண்டும் வேண்டும். நாளங்கள் விரியத் தமனியில் பப்பாவெரின். பாதத்தில் நோய் இல்லையென்றால் ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றிவிடுங்கள். உள்ளங்காலில் கொப்புளம் வந்தால் நோயாளி நடக்க முடியாமல் தவிப்பார்.

இருகுழாய்:
ஒன்று விட்டுப்போயிற்று. சிரிஞ்ச் இழுக்க மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். சிரைக் கதீட்டரின் வாய் சுவரில் ஒட்டியிருக்கும். சற்றே திருப்பி, மெதுவாக இழுங்கள். திரும்பும் ரத்தம் தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் டூர்னிகே கசிகிறதா என்று உடனே பாருங்கள். முடிவில் ஒரு லிட்டர் ஹார்ட்மன் கரைசலால் (சிரைவழி ஏற்றும் உப்புக் கரைசல்) சிரைநீர் தெளியும்வரை கழுவிய பிறகே டூர்னிகேவைத் தளர்த்த வேண்டும். கழுவிய நீர் மருந்துக் கழிவு, அதற்கான கலத்தில்தான் போக வேண்டும்.

வார்டுக்குறிப்பு:
மூன்றாவதற்கு என் பதில். காலை உயர்த்தி வையுங்கள், கிரியேட்டின் கைனேஸை (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) தினமும் பாருங்கள். முதல் நாள் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்: சில நாள் கழித்துத்தான் அது உச்சம் தொடும். 1000-ஐத் தாண்டினால் ஸ்டீராய்டு தொடங்குவது பல மையங்களின் வழக்கம். லேசான சிவப்பும் வீக்கமும் எதிர்பார்த்ததுதான். பெருவிரலை மெல்ல மேலே மடக்கும்போது கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி என்றால், நாடித்துடிப்பு இருக்கிறதே என்று தாமதிக்காமல் அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தசைப்பை அழுத்தத்தில் (வீங்கிய தசை தன் உறைக்குள்ளேயே நெரிபடும் நிலை, compartment syndrome) நாடி கடைசியில்தான் மறையும்.

புதுக்கத்தி:
நன்றி. கட்டி கரையாமல் போனால் மறுபடி செய்யலாமா?

இருகுழாய்:
செய்யலாம். இடுக்கைத் திறந்து தழும்பாக்கவில்லை என்பதே இந்த முறையின் பெரிய லாபம். மூன்று மாதம் காத்திருந்து மதிப்பிடுங்கள், கட்டிகள் மெதுவாகத்தான் சுருங்கும். நோய் டூர்னிகேவுக்கு மேலே, இடுக்குவரை ஏறிவிட்டிருந்தாலோ காலின் தமனி அடைத்திருந்தாலோ இந்தப் பக்கமே வராதீர்கள்.