முதல் செமஸ்டர் டேட்டா சயின்ஸ்: இன்னும் உறுத்துகிற ஒரு வகுப்பைச் சொல்லுங்கள்

எட்டாம் பெஞ்ச்:
அடுத்த செமஸ்டரே ஆரம்பித்துவிட்டது, இது மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. லேப்பில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்கிற அளவு. எண்கள் எட்டே எட்டு: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. நான் பைத்தானின் நம்பை நூலகத்தில் போட்டேன், சுத்தமாக 2 வந்தது. பக்கத்து சீட்டுக்காரி அதையே பாண்டாஸ் என்ற இன்னொரு நூலகத்தில் போட்டாள், 2.138. ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்து எண்களைச் சரிபார்த்தோம், ஒன்றும் பிசகவில்லை. லேப் பொறுப்பில் இருந்தவர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் சரிதான், ரெக்கார்டுல எழுதிக்கோங்க" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ரெண்டும் எப்படிச் சரியாகும்? நம்பை 8-ஆல் வகுக்கிறது, பாண்டாஸ் ஒன்று குறைத்து 7-ஆல் வகுக்கிறது என்று அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏன் குறைக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள்.

சிதறல் படம்:
கையில் இருப்பதுதான் மொத்தமும் என்றால் 8. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி (சாம்பிள்) என்றால் 7. மாதிரியின் சராசரி அந்த மாதிரிக்குள் இருக்கும் எண்களை ஒட்டியே அமையும். அதனால் அதிலிருந்து அளக்கிற விலகல், உண்மையான சராசரியிலிருந்து அளப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சின்ன எண்ணால் வகுப்பது. ஏன் சரியாக ஒன்று என்றால், சராசரி 5 என்று தெரிந்த பிறகு ஏழு எண்களைச் சொன்னால் போதும், எட்டாவதை நானே சொல்லிவிடுவேன். அதற்குச் சுதந்திரம் இல்லை. இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் கூடவா இல்லை?

என்னுடையது புள்ளியியலாளர் ஆன்ஸ்கோமின் நான்கு அட்டவணைகள். 1973-இல் வந்தது, இங்கே தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவு 0.816, நான்குக்கும் அதேதான். "நாலும் ஒண்ணுதான் மேடம்" என்று லேப்டாப்பை மூடப் போனோம். வரைந்து பாருங்கள் என்றார். முதலாவது சாதாரணச் சிதறல், இரண்டாவது வளைவு, மூன்றாவதில் ஒரு புள்ளி மட்டும் மற்றவை நிற்கும் நேர்கோட்டிலிருந்து விலகி ஓடுகிறது. நான்காவதில்தான் வகுப்பே சத்தம் போட்டது. பத்துப் புள்ளிகள் 8-இல் செங்குத்தாக நிற்கின்றன, பதினோராவது மட்டும் தன்னந்தனியாக 19-இல். அதைத் தூக்கிவிட்டால் கோட்டின் சாய்வு கணக்கிடவே வழியில்லை. அந்த 0.816 முழுக்க ஒரே ஒரு புள்ளியின் தயவு! எண்ணை நம்பாதே, படம் போடு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நேர்மாறு அணி:
கொடுத்து வைத்தவர்கள், உங்களைக் கணினியைத் தொட விட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பாதி செமஸ்டர் அணிகள்தான், அதாவது மேட்ரிக்ஸ். மூன்றுக்கு மூன்று அணியின் நேர்மாறு, அதுவும் கையால். ஒரு கழித்தல் குறி நழுவினால் முழுப் பக்கமும் போச்சு. மெஷின் லேர்னிங் என்று ஆசையாக வந்து சேர்ந்தவனுக்கு இது எதற்கென்று எவரும் சொல்லவில்லை.

ஏ, பி என்ற இரண்டு அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் ஏபி-யும் பிஏ-வும் ஏன் வேறு என்று புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த நண்பன் தன் நோட்டை மேசையில் வைத்தான். முதலில் இடப்பக்கம் கால் சுற்று திருப்பி, அப்புறம் கவிழ்த்தான். பழையபடி வைத்து, இந்தத் தடவை முதலில் கவிழ்த்து, அப்புறம் அதே பக்கம் திருப்பினான். நோட்டின் தலைப்பக்கம் இப்போது எதிர்த்திசையில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு அணியும் ஒரு அசைவு, பெருக்கல் என்பது அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. இத்தனை பக்கம் பெருக்க வைத்தவர்கள் ஒரு நோட்டைக் கவிழ்த்துக் காட்டியிருக்கக் கூடாதா?

கடைசி வருஷம்:
என் கதை சின்னது. குழுவாகச் செய்த அசைன்மென்ட்டில் மூலப் பட்டியலைப் பத்திரமாக வைக்கலாம் என்று ஒருவன் "புதியது = பழையது" என்று எழுதினான். புதியதில் தப்பான எண்களை நீக்கினோம், பழையதிலும் காணோம்! பைத்தானில் அந்த வரி நகல் எடுக்காது, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான்.

இப்போது நேர்மாறு அணித் தம்பிக்கு. கணக்கை வெறுக்காதே. பின்னால் வருகிற நேரியல் பின்னடைவு (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு), முதன்மைக் கூறு பகுப்பாய்வு (நிறைய அளவுகளைச் சிலவாகச் சுருக்குவது) எல்லாமே அணிகள்தான். மெஷின் லேர்னிங் முதல் செமஸ்டரில் வராது, வந்தாலும் ஒன்றும் புரியாது. வகைக்கெழு தெரியாமல் பிழையைக் குறைக்க எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று எப்படிச் சொல்வாய்? பைத்தானில் பிழைச் செய்தி வந்தால் மேலிருந்து படித்து மிரளாதே, கடைசி வரியைப் பார், என்ன பிழை என்று அங்கேதான் இருக்கும். எக்செல் தெரிவதில் வெட்கமில்லை. தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கிற எஸ்க்யூஎல் மொழி பாடத்தில் இல்லாவிட்டாலும் இப்போதே தொடங்கு, வேலைக்குப் போனால் தினமும் அதில்தான் விழிப்பாய். நிரலை நகலெடுத்து ஒட்டாமல் கையால் தட்டு. நல்ல லேப்டாப் வாங்கிய பிறகு படிக்கிறேன் என்று காத்திருக்காதே, இந்த செமஸ்டரின் தரவு எதுவும் பழைய லேப்டாப்பைத் திணறடிக்காது. இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

விடுபட்ட வயது:
அண்ணா, கேட்காமலே இவ்வளவு! தம்பி வெறுக்கிறேன் என்று சொல்லவே இல்லை. ஏன் காட்டவில்லை என்றுதான் கேட்டார்.

சிதறல் படத்துக்கு ஒரு வார்த்தை. படமும் ஏமாற்றும். டைட்டானிக் தரவு எல்லோரும் செய்திருப்பீர்கள், 891 பயணிகள், அதில் 177 பேருக்கு வயது இல்லை. எங்கள் குழு எல்லா வெற்றிடத்திலும் சராசரியைப் போட்டு நிரப்பியது, 29.7. இருபது வருஷத்துக்கு ஒரு பட்டை என்று ஹிஸ்டோகிராம் போட்டோம், பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு ஒரு பட்டை என்று மாற்றுங்கள் என்றார் ஆசிரியர். மற்ற வயதெல்லாம் தரையோடு கிடக்க, 29-க்குப் பக்கத்தில் ஒரே ஒரு பட்டை உச்சி வரை ஏறி நின்றது. "கப்பல்ல இத்தனை பேரும் ஒரே நாள்ல பிறந்தவங்களா?" என்று கேட்டார். திட்ட விலக்கத்தைப் பார்த்தால் 14.5 இருந்தது 13 ஆகியிருந்தது. இங்கே எண்தான் உண்மையைச் சொன்னது, முதல் படம் மறைத்தது. எனவே "எண்ணை நம்பாதே" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. இடைநிலையைப் போட்டிருந்தாலும் இதே கதிதான், பட்டை கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும்.

சிதறல் படம்:
பட்டை அகலத்தை மாற்றியதும் கண்டுபிடித்தது படம்தானே?

நிபந்தனை நிகழ்தகவு:
சண்டை நடக்கட்டும். எங்களுக்கு பேயிஸ் தேற்றம் நடந்த அன்று. நூற்றில் ஒருவருக்கு உள்ள நோய், 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை. முடிவு 'இருக்கிறது' என்று வந்தால் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? வகுப்பு முழுக்க 99-க்குக் கை தூக்கியது. பத்தாயிரம் பேரை எடுத்துக் கணக்குப் போட்டார். நோயாளிகள் 100 பேர், அதில் 99 பேருக்குச் சரியாக வரும். நோயில்லாத 9,900 பேரில் 99 பேருக்குத் தவறாக வரும். ஆக, சரிபாதி.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்தா 99 ஆயிடுமா சார்?" என்றாள். ஆகும், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், என்றார். "முதல் தடவை தப்பா காட்டின அதே காரணம் அவங்க உடம்புலயே இருந்தா?" என்று விடாமல் கேட்டாள். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் நேராக பாய்சான் பரவலுக்குப் போய்விட்டார்.