மறு: வேக்யுவஸ் ட்ரூத்துக்கு 'வெற்றுமெய்' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன். தனித்தனியா பதில் போட்டா பேச்சு சிதறிடும்னு ஒரே மடலா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க. கேள்வி இதுதான்: 'அ-ன்னா ஆ', 'எல்லா அ-வும் ஆ' மாதிரியான ஒரு கூற்று, அந்த 'அ'வே இல்லாததால மட்டும் மெய்யாயிடறதை இங்கிலீஷ்ல வேக்யுவஸ் ட்ரூத்ம்பாங்க, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்? என் பக்கத்தை முதல்லயே சொல்லிடறேன். வெற்றுமெய்தான் சரி. போலி மெய், பொருளற்ற உண்மை, சூனிய உண்மை மூணுமே பிள்ளைங்களைத் தப்பான பக்கம் இழுத்துட்டுப் போயிடும்.

இவ்ளோ அழுத்தமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பி.ஏ. தத்துவம் முதல் வருஷத்துல குறியீட்டுத் தருக்கம் எடுக்கிறப்ப கிளாஸ் மொத்தமும் முட்டிக்கிட்டு நிக்கிற இடமே இதுதான். மறுப்பு, 'உம்', 'அல்லது' வரைக்கும் மெய் அட்டவணையை, அதாவது பாகங்கள் மெய்யா பொய்யாங்கிறதை வச்சு மொத்தக் கூற்று மெய்யா பொய்யான்னு வரிசை வரிசையா காட்டற அட்டவணையை, சரசரன்னு போட்டுட்டு வருவாங்க. 'அ → ஆ', அதாவது 'அ-ன்னா ஆ'ங்கிற நிபந்தனைக் கூற்று வந்ததும் மூணாவது வரிசையில பேனா நின்னுடும். முன்கூற்று (அ) பொய், பின்கூற்று (ஆ) மெய், மொத்தமா மெய்யா? நாலாவது வரிசையில ரெண்டுமே பொய், அதுவும் மெய்யா, எப்படி மேடம்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு 'விதி அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ'ன்னு சொல்லித் தாண்டிட்டோம்னா அந்த செமஸ்டர் முழுக்க அந்தப் பிள்ளைக்கு தருக்கம்ங்கிறது மந்திரம் மாதிரி ஆயிடும், புரியாமலே உச்சரிச்சுட்டு மார்க் வாங்கிட்டுப் போயிடும்.

நான் போர்டுல எழுதுறது இதுதான். 'ஒரு எண் 6-ஆல வகுபட்டா 3-ஆலயும் வகுபடும்.' இதை யாரும் மறுக்க மாட்டாங்க. எல்லா எண்ணுக்கும் பொருந்தும்னு ஒத்துக்கிட்டாச்சுல்ல, இப்ப ஒவ்வொரு எண்ணா வச்சுப் பாருங்கம்பேன். 12 வச்சா ரெண்டு பாகமும் மெய், முதல் வரிசை. 9 வச்சா 6-ஆல வகுபடாது, ஆனா 3-ஆல வகுபடும், மூணாவது வரிசை. 10 வச்சா ரெண்டுமே கிடையாது, நாலாவது வரிசை. பொது விதி மெய்னு சொல்லிட்டு 9-க்கும் 10-க்கும் மட்டும் அது பொய்னு சொல்ல முடியுமா? முடியாது. ரெண்டாவது வரிசைக்கு மட்டும், அதாவது 6-ஆல வகுபட்டு 3-ஆல வகுபடாத எண்ணுக்கு, எவ்ளோ தேடினாலும் ஆள் கிடைக்காது, அப்படி ஒண்ணு கிடைச்சா அன்னைக்கு விதியே பொய்.

இப்ப 9-ஐயும் 10-ஐயும் பொறுத்தவரைக்கும் விதி மெய்யா நிக்குதே, எதனால? அதை உடைக்கணும்னா முதல்ல முன்கூற்று மெய்யாகணும், அங்க அந்த இடமே காலியா இருக்கு. அந்தக் காலியாலதான் அது மெய். இந்தக் காரணம் சொல்லுக்குள்ளயே தெரியணும்ங்கிறதுதான் நான் கேக்கிறது. இனி மத்தவங்க எழுப்பினதுக்கு வர்றேன்.

> 'வெற்று'ன்னாலே வெற்றுப் பேச்சு, வெற்று வாக்குறுதின்னுதான் ஞாபகம் வருது. மட்டமான சொல்லா இருக்கே.

ஐயா, அந்த வாடை இருக்கிறது நிஜம்தான். ஆனா வெற்றிடமும் இதே வெற்றுதான், வெற்றுத்தாளும் இதே வெற்றுதான், அதுல எல்லாம் யாரும் மட்டமா நினைக்கறதில்ல. முக்கியமா வெற்றுக் கணம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்துல படிச்ச எந்தப் பிள்ளைக்கும் உறுப்பே இல்லாத கணம்னா வெற்றுக் கணம்னு தெரியும், அது எல்லாக் கணத்துக்கும் உட்கணம்னும் படிச்சிருப்பாங்க. ஏன் உட்கணம்னு எத்தனை பேருக்கு யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க? வெற்றுக் கணத்துல இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் அடுத்த கணத்துலயும் இருக்குங்கிறது வெற்றுமெய், ஏன்னா அங்க இல்லாத உறுப்பு ஒண்ணை இங்கேர்ந்து எடுத்துக் காட்ட முடியாது. ரெண்டு சொல்லும் ஒரே வேர்ல நின்னா பாதி விளக்கம் தானா நடந்துடும்.

இன்னொண்ணு, அந்த 'பயனில்லாத பேச்சு'ங்கிற வாடை முழுக்கத் தப்பும் இல்லைன்னு தோணுது. பரீட்சை ஹால்ல ஒருத்தர்கிட்டயும் ஃபோன் இல்லைன்னு வச்சுக்கோங்க. 'இந்த ஹால்ல இருக்கிற ஃபோன் எல்லாம் ஆஃப்ல இருக்கு'ன்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்தா அது மெய். 'எல்லாம் ஆன்ல இருக்கு'ன்னு எழுதினாலும் மெய். ரெண்டும் முரண்படுதேன்னு பிள்ளைங்க பதறுவாங்க, முரண்படல. முதல் கூற்றோட மறுப்பு 'ஒரு ஃபோனாவது ஆன்ல இருக்கு'ங்கிறதுதான், அதுதான் இங்க பொய். ஆனா அப்படி எழுதினதைப் படிக்கிறவர் உள்ள ஃபோன் இருக்குன்னுதான் நினைச்சுக்குவார். மொழித் தத்துவவாதி பால் கிரைஸ் 1967-ல ஹார்வர்டுல பேசின உரைகள்ல பிரிச்சுக் காட்டினது இதைத்தான், ஒரு கூற்று சொல்றது வேற, அதைச் சொல்றதால கேக்கிறவர் ஊகிச்சுக்கிறது வேற. வெற்றுமெய் மெய்தான், ஆனா பேச்சுல சொன்னா ஏமாத்தற மாதிரி ஆயிடும். 'வெற்று' அந்த ரெண்டாவது சேதியையும் லேசா தொட்டுட்டுப் போகுது, எனக்கு அது பிடிச்சுத்தான் இருக்கு.

'பொருளற்ற உண்மை' வேண்டவே வேண்டாம். இந்தக் கூற்றுக்கெல்லாம் பொருள் நல்லாவே இருக்கு, பொருள் இருக்கிறதாலதான் மெய்யா பொய்யான்னே கேக்க முடியுது. 'போலி மெய்'யும் ஆகாது. போலின்னா அளவையியல்ல, அதாவது தருக்கத்துல, ஏற்கனவே ஃபாலசி, வாதத்துல வர்ற பிழை. வெற்றுமெய்யில பிழை எதுவும் கிடையாது.

> எங்கட ஏ.எல். அளவையியலில உண்மை அட்டவணை எண்டுதான் படிச்சனாங்கள். மெய் எண்டு ஏன் மாத்த வேணும்? சூனியத் தொடை இருக்குது தானே, சூனிய உண்மை எண்டே வைக்கலாம்.

அண்ணா, உங்க பக்கம் இருக்கிற பலம் எனக்குத் தெரியும். இலங்கையில 'அளவையியலும் விஞ்ஞான முறையும்'னு உயர்தரத்துலயே ஒரு முழுப் பாடம் தமிழ்ல நடக்குது, எடுப்பு (கூற்று), வாய்ப்பு (வாதம் செல்லுபடியாகிறது), நேர்ப்பெறுகை, நிபந்தனைப் பெறுகை (ரெண்டும் நிறுவுற முறைகள்)னு பிள்ளைங்க தினமும் புழங்கற சொல்லா இருக்கு. இங்க நாங்க காலேஜ் வந்துதான் இதையெல்லாம் தொடறோம், அதுவும் பாதி இங்கிலீஷ்ல. அதனால நிபந்தனைப் பெறுகையை எல்லாம் அப்படியே எடுத்துக்கணும்னுதான் நான் சொல்லிட்டு வர்றேன். ஆனா இந்த ஒரு இடத்துல மட்டும் 'உண்மை' இடிக்குது. உண்மைங்கிறது உள்-ல பிறந்த சொல், உள்ளதாயிருக்கிற தன்மை, பழைய வழக்குல அதுக்கு எதிர்ச்சொல் இன்மை. ஒண்ணுமே இல்லாததால மெய்யாகிற விஷயத்துக்கு உண்மைன்னு பேர் வச்சா சொல்லே தன் வயித்துல தானே குத்திக்கும். மெய்-க்கு அந்தச் சிக்கல் கிடையாது. உங்க பக்கம் உண்மை அட்டவணை அப்படியே இருக்கட்டும், அதை மாத்தச் சொல்லல, இந்த ஒரு கூட்டுச்சொல்லுல மட்டும் மெய் வரட்டும். சூனியம்கிறதை இங்க சொன்னா பிள்ளைங்க மனசு பில்லிசூனியத்துக்குப் போயிடும், அதுவும் ஒரு தொல்லை.

> இது மெய்மத்துக்குள்ளயே அடங்கிடாதா? தனியா எதுக்கு இன்னொரு சொல்?

அடங்காது, இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு, 'அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா'. மீசை முளைக்கல, சித்தப்பாவும் ஆகல, நாலாவது வரிசை, அதனால இன்னைக்கு இது மெய். மெய்மம்னா எல்லா வரிசையிலயும் மெய்யா இருக்கணும். இது அப்படியா? நாளைக்கே அத்தைக்கு நிஜமாவே மீசை முளைச்சுதுன்னு வைங்க, அப்பவும் அவங்க அத்தைதான், சித்தப்பா ஆயிட மாட்டாங்க, உடனே ரெண்டாவது வரிசைக்கு வந்து கூற்று பொய்யாயிடும். மெய்மம்கிறது கூற்றோட வடிவத்தைப் பத்தின பேச்சு, வெற்றுமெய்ங்கிறது அது இப்ப எந்தக் காரணத்தால மெய்யா இருக்குங்கிறதைப் பத்தின பேச்சு.

பழைய கிரேக்கத்துலயும் இதே சண்டைதான். மெகாராக்காரர் ஃபைலோ, மெய்யில ஆரம்பிச்சுப் பொய்யில முடிஞ்சா மட்டும்தான் நிபந்தனைக் கூற்று பொய், மத்த மூணும் மெய்னார். அவரோட ஆசிரியர் டயோடரஸ் அதை ஒத்துக்கல. 'பூமி பறந்தா பூமிக்கு இறக்கை இருக்கும்'ங்கிற உதாரணத்தை செக்ஸ்டஸ் எம்பிரிகஸ்ங்கிற பழைய தத்துவவாதி எழுதி வச்சிருக்கார், நம்ம அத்தை மீசைக்கு நேர் உறவு. எந்த நிபந்தனைக் கூற்று சரின்னு கூரை மேல காக்கா கூட கத்துதுன்னு கல்லிமக்கஸ்ங்கிற கவிஞர் பாடற அளவுக்கு அந்தக் காலத்துல இது ஊர்ப்பேச்சா இருந்திருக்கு. அப்புறம் 1879-ல நவீன தருக்கத்தைத் தொடங்கி வச்ச ஃப்ரேகே தன்னோட குறியீட்டுல ஃபைலோவோட கணக்கைத்தான் எடுத்துக்கிட்டார். 1918-ல சி. ஐ. லூயிஸ்ங்கிற தருக்கவாதி இது போதாதுன்னு இறுக்கமான நிபந்தனையை, அதாவது அ மெய்யா இருந்து ஆ பொய்யாகவே முடியாதுன்னாதான் மெய்ங்கிறதை, கொண்டுவந்தார். அதனால மூணாவது வரிசையில பேனா நின்னு போற பிள்ளைக்கு, உன் சந்தேகம் ரொம்பப் பழைய சந்தேகம், தாராளமா கேளுன்னு நான் சொல்றதுண்டு.

> பேசாம ஒலிபெயர்ப்பா வேக்யுவஸ் ட்ரூத்னே போட்டுட்டா என்ன?

ஆக்சிஜனுக்கு அது சரி. அது ஒரு பொருளுக்கு ஒட்டின லேபிள், அந்த லேபிள் யாருக்கும் எதையும் விளக்கணும்னு அவசியமில்ல. இங்க சொல்லேதான் விளக்கம். ஐ.டி. பசங்களும் இதைத் தினமும் தாண்டிட்டுத்தான் போறாங்க. பைத்தான்ல 'ஆல்'ங்கிற ஃபங்ஷனுக்கு ஒரு காலி லிஸ்ட்டைக் குடுத்தா 'ட்ரூ'ன்னு வரும், பக்னு நினைச்சு தலையைப் பிச்சுக்கிறவங்க உண்டு. காலியா இருக்கு, அதனால வெற்றுமெய்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா அங்கயே விளங்கிடும்.

புழக்கத்துக்கும் சிக்கல் இல்ல. பின்னாடி மெல்லினம் வர்றதால ஒற்று மிகாது, வெற்றுமெய்னு சேர்த்தே எழுதலாம். வெற்றுமெய்க் கூற்று, வெற்றுமெய்யா நிறைவேறுதுன்னு எல்லா இடத்துலயும் வளையும். வாக்கியத்துல போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன்.

இதோட ஒட்டின இன்னொரு சொல்லும் முடிவாகாம நிக்குது, எக்ஸிஸ்டென்ஷியல் இம்போர்ட், அதாவது ஒரு கூற்று தான் பேசற பொருள் இருக்குன்னு உள்ளுக்குள்ள ஒத்துக்கிறது. அரிஸ்டாட்டில் வழியில 'எல்லா அ-வும் ஆ'ன்னா 'சில அ ஆ'ன்னும் கிடைக்கும், ஏன்னா அ-ன்னு ஏதோ இருக்குன்னு அங்க எடுத்துக்கிறாங்க. தருக்கத்தைக் கணிதமாக்கின ஜார்ஜ் பூல் வழியில அந்த உத்தரவாதத்தை எடுத்துட்டோம், அதனால 'எல்லா'க் கூற்று வெற்றுமெய்யா நிக்க முடியுது, அதுக்கு விலையா செல்லுபடியாகிற முக்கூற்று வாதங்கள் (ரெண்டு கூற்றுலேருந்து மூணாவதை முடிவா எடுக்கிற வாதங்கள்) 24-லேருந்து 15-ஆ குறைஞ்சு போச்சு. ரெண்டு சொல்லும் ஒரே பக்கத்துல வரும், ஜோடியா இருந்தா நல்லது. மணிமேகலையில உள்வழக்கு, இல்வழக்குன்னு பிரிச்சு இல்வழக்குக்கு முயற்கோட்டை (முயல் கொம்பை) உதாரணம் காட்டியிருக்கிறதை ஒருத்தர் எடுத்துப் போட்டிருந்தார், அருமையான இடம். ஆனா அங்க பேச்சு சொல் குறிக்கிற பொருள் உள்ளதா இல்லாததான்னு போகுது, நமக்கு வேண்டியது ஒரு கூற்று தனக்குள்ள 'இருக்கு'ன்னு ஒத்துக்கிட்டு வர்றதைச் சொல்ற சொல். நான் இப்போதைக்கு 'இருப்பேற்பு'ன்னு வச்சிருக்கேன், இருப்பை ஏத்துக்கிறதுங்கிற அர்த்தத்துல. 'அரிஸ்டாட்டில் வாசிப்புல எல்லாக் கூற்றுக்கும் இருப்பேற்பு உண்டு, பூல் வாசிப்புல கிடையாது.' இந்த வாக்கியம் யாழ்ப்பாணத்துலயும் மட்டக்களப்புலயும் வகுப்புல சொன்னா காதுக்கு எப்படி இருக்கும்னு அண்ணா மாதிரி அங்க பாடம் எடுக்கிறவங்க சொன்னா அடுத்த கலைச்சொல் பட்டியல்ல சேர்த்துடலாம்.