‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’ யாருடைய பாட்டு? கார்ட் ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது?

நீலக்கம்பி:
ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடிய ‘ரோலின் அண்ட் டம்ப்ளின்’ பாட்டைக் கிட்டாரில் பழகிக்கொண்டிருக்கிறேன். அவருடைய இசைத்தட்டில் எழுதியவர் என்று அவர் பெயரே இருக்கிறது. பாப் டிலனின் 2006 ஆல்பத்தில் டிலன் பெயர். வேறு சிலர் ‘டிரெடிஷனல்’ (வழிவழியாக வந்த பாட்டு) என்று போடுகிறார்கள். எது சரி? இன்னொரு சிக்கல்: ஜி கீயில் வழக்கமான 12 பார் ப்ளூஸ் (12 தாளக் கட்டங்களில் சுழலும் கார்ட் வரிசை; கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசித்தால் முதல் வரியிலேயே பாட்டும் கார்டும் முட்டிக்கொள்கின்றன. ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் ஸ்லைடும் (விரலில் மாட்டிக் கம்பிமேல் நகர்த்தும் குழாய்) சுத்தமாக விழவில்லை.

78சுழற்சி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இந்தப் பெயரோடும் மெட்டோடும் நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு ஹாம்போன் வில்லி நியூபெர்னுடைய ‘ரோல் அண்ட் டம்பிள் ப்ளூஸ்’. 1929 மார்ச்சில் அட்லாண்டாவில் ஓக்கே நிறுவனத்துக்காகப் பதிவானது. முதலில் பதிவு செய்தார் என்பதாலேயே அவர்தான் இயற்றினார் என்று முடிவுகட்டக் கூடாது. அதே 1929 செப்டம்பரில் ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸ் மெம்ஃபிஸில் பதிவு செய்த ‘தி கேர்ள் ஐ லவ், ஷி காட் லாங் கர்லி ஹேர்’ பாட்டைக் கேளுங்கள். வார்த்தைகள் வேறு, மெட்டு இதற்கு நெருங்கிய உறவு. டென்னசி வட்டாரத்தில் மெட்டு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ‘இஃப் ஐ ஹாட் பொசெஷன் ஓவர் ஜட்ஜ்மென்ட் டே’ என்று இதே மெட்டில் பாடினார். இரவெல்லாம் புரண்டு புரண்டு அழுதேன் என்கிற வரி அதிலும் உண்டு. ஆனால் அந்தப் பதிவு 1961இல்தான் வெளியே வந்தது. அதனால் 1950இல் மடி வாட்டர்ஸ் அந்தத் தட்டைக் கேட்டுக் கற்றிருக்க வழியில்லை. இதைப் பலர் கவனிக்காமல் ‘ஜான்சனிடமிருந்து மடிக்கு’ என்று நேர்கோடு போட்டுவிடுகிறார்கள்.

1950தான் சுவாரசியமான ஆண்டு. சிகாகோவில் பார்க்வே என்ற சின்ன நிறுவனத்துக்காக பேபி ஃபேஸ் லீராய் ட்ரியோ இதைப் பதிவு செய்தது: லீராய் ஃபாஸ்டர் குரல், லிட்டில் வால்டர் ஹார்மோனிகா, ஸ்லைடு கிட்டார் மடி வாட்டர்ஸ். மடி அப்போது அரிஸ்டோகிராட் நிறுவனத்தின் ஆள். ஸ்லைடு ஒலியே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. லெனார்ட் செஸ் அதே பாட்டை அரிஸ்டோகிராட்டுக்காக மடியையே பாடவைத்துப் பதிவு செய்து வெளியிட்டார். அந்தத் தட்டில் ஏறிய பெயர்தான் பிறகு வந்தவர்கள் பலரின் ஆல்பங்களிலும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பதிவுகளும் ‘பார்ட் 1’, ‘பார்ட் 2’ என்று பிரிந்திருப்பதற்குக் காரணம் 78 சுழற்சித் தட்டு. ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். பார்க்வே தட்டின் ஒரு பக்கத்தில் வார்த்தைகளே இல்லை, முனகலும் ஹம்மிங்கும்தான். இரண்டில் எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

ஓப்பன்ஜி:
கார்ட் முட்டுவதற்குக் காரணம் எளிது. சாதாரண 12 பார் ப்ளூஸ் கீயின் முதல் கார்டில் (ஜி கீயில் ஜி) தொடங்கும். இந்தப் பாட்டு நான்காம் கார்டில் (சி) தொடங்கும். ஜி கீயில்: முதல் வரிக்கு சி இரண்டு பார், ஜி இரண்டு பார். இரண்டாம் வரிக்கும் அதேதான். மூன்றாம் வரிக்கு டி ஒன்று, சி ஒன்று, ஜி இரண்டு. பாட்டின் வரி உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி ஜியில் வந்து நிற்கும், மிச்ச இடத்தில் ஸ்லைடு பதில் சொல்லும். நீங்கள் ஜியில் ஆரம்பித்தால் குரல் சிக்கு மேல் நிற்கும்போது இடிக்கத்தான் செய்யும்.

இது எலும்புக்கூடுதான். பழைய பதிவுகளில் பார் கணக்கு நீளும், சுருங்கும். வரி முடிந்ததும் ஸ்லைடு வாக்கியம் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு பீட். மெட்ரோனோமோடு 12 எண்ணிப் பழகிவிட்டு மடியோடு சேர்ந்து வாசித்தால் இரண்டாம் வரிக்குள் வழி தவறிவிடும். பாருக்குப் பதில் குரலைப் பின்தொடருங்கள்.

டியூனிங்: ஓப்பன் ஜி. 6ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு, 5ஆம் கம்பியை ஏயிலிருந்து ஜிக்கு, 1ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்குங்கள். 2, 3, 4 அப்படியே. தடிமனிலிருந்து டி ஜி டி ஜி பி டி. மூன்று கம்பிகள் தளர்ந்ததும் கழுத்தின் இழுவிசை குறைந்து தொடாத கம்பிகள் சற்று ஏறிவிடும், எனவே மறுபடி ஒரு சுற்று சரிபாருங்கள். சி கார்டு 5ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), டி 7ஆம் ஃப்ரெட், மேல் ஜி 12ஆம் ஃப்ரெட்.

ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரல் வைக்கிற பழக்கத்தில் அதற்குப் பின்னால் நிறுத்தினால் சுருதி தாழும். ஸ்லைடைச் சுண்டுவிரலில் போட்டு, மற்ற விரல்களை அதற்குப் பின்னால் லேசாகப் படியவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையற்ற ஒலிகள் கூடவே அழும். கம்பி மெல்லியதாக இருந்தால் தளர்ந்து ஃப்ரெட்டில் கடகடக்கும். அக்கூஸ்டிக்கில் 0.013 அங்குல செட் போதும். முதல் கம்பியில் 8ஆம் ஃப்ரெட்டுக்கும் 9க்கும் நடுவே நிறுத்திப் பாருங்கள், அந்த இடைச்சுருதிதான் இந்தப் பாட்டின் உயிர்.

ஈயத்தட்டு:
ஒரு சேர்ப்பு. 1966இல் கிரீம் என்ற ராக் குழு வாசித்ததை வைத்து கார்ட் தேடாதீர்கள். அது பெரும்பாலும் ஒரே ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசை வாக்கியம்) ஓடுகிறது. அதன் பேஸ் கலைஞர் ஜாக் புரூஸ் ஹார்மோனிகா வாசித்ததால் பேஸ் கிட்டாரே கிடையாது. நான்காம் கார்ட் காதுக்குப் பிடிபட வேண்டுமென்றால் நியூபெர்னையும் ஜான்சனையும் கேளுங்கள்.

பதிவை எங்காவது ஏற்றும் எண்ணமிருந்தால் பாட்டுக்கான உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கான உரிமை வேறு. அமெரிக்கச் சட்டப்படி 1929இல் வெளியான ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு. நியூபெர்னின் தட்டு 2030 ஜனவரி 1 அன்றுதான் உரிமைக் காப்பு நீங்கி எல்லாருக்கும் பொதுவாகும். அதுவரை அதை வெட்டி ஒட்டாமல் நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள்.