புழங்கிடப்பெயர்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழுவினர்க்கும் பந்திங்கிலிருந்து வணக்கம்.

உள்ளூரார் மட்டுமே அறிந்து வழங்கும் சிறு இடத்தின் பெயரைக் குறிக்கும் ‘மைக்ரோடோப்போனிம்’ என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘நுண்ணிடப்பெயர்’ இலக்கணப் பிழையின்றி அமைந்த சொல். எனினும் மலேசியாவின் சிலாங்கூர்க் கரையிலுள்ள கேரித் தீவின் கரையோரப் பெயர்களைத் திரட்டும் நம் பணிக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன். நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று பழகிய நமக்கு ‘நுண்’ என்றதும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றே நினைவில் எழுகிறது. ஓடை வாயும் படகு ஒதுங்கும் துறையும் அப்படிப்பட்டவை அல்ல. நீர் வற்றும்போது நெடுந்தொலைவு விரியும் சேற்றுத் திட்டுக்கும் உள்ளூரார் மட்டுமே அறிந்த பெயர் இருக்கக்கூடும். மற்றொரு நண்பர் எழுதிய ‘சிற்றிடப்பெயர்’, சிற்றூர், சிற்றாறு என்பவற்றைப்போல் இனிமையாக ஒலித்தாலும், அதுவும் அளவையே அடையாளமாகக் கொள்கிறது.

இத்தகைய பெயரைத் தனித்துக் காட்டுவது, அவ்விடத்தில் நாள்தோறும் புழங்குவோர் மட்டுமே அதை அறிந்து வழங்குகிறார்கள் என்பதுதான். அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஆரன் தீவுகள் இதற்குச் சான்று. 1824இல் தொடங்கிய பிரித்தானிய அரசின் நில அளவை, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற விரிவான அளவில் அந்நாட்டை வரைந்தது. ஆயினும் ஐரிஷ் மொழிப் பெயர்கள் ஆங்கில ஒலிப்புக்கேற்ப எழுதப்பட்டு உருத்திரிந்தன. 1972இல் அங்குக் குடியேறிய டிம் ராபின்சன் கரையோரமாகவே நடந்து, தீவு மக்களிடம் கேட்டறிந்த பெயர்களை 1975இல் வெளியிட்ட வரைபடத்தில் ஐரிஷ் மொழியிலேயே பதித்தார். மீன் பிடித்தவர்களும் கடற்பாசி அரிந்தவர்களும் புழங்கியதால்தான் அக்கரையின் பாறைகளுக்குப் பெயர் வாய்த்தது.

ஆகவே ‘புழங்கிடப்பெயர்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். புழங்கிடம் என்பது வாழிடம் போன்ற வினைத்தொகை. நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள்’ (மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்) என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால் வேரும் புதிதன்று. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்கவே வேண்டியதில்லை: தொழிலாளர்களைக் காலையில் பெயர் கூப்பிட்ட பழைய பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை முக்கு, முனீஸ்வரர் மரத்தடி ஆகியவை எந்த நில அளவைத் தாளிலும் இடம்பெறாமலே, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பின்னும் முதியோர் பேச்சில் வழங்குகின்றன.

கேரித் தீவே ஓர் ஆங்கிலேயத் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கு வாழும் பழங்குடியினரான மா மெரி மக்களின் மொழி, மலாய்க்கு உறவில்லாத ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் ‘சுங்கை’ (ஆறு) என்றோ ‘தஞ்சோங்’ (முனை) என்றோ மலாயில் தொடங்கும் ஓர் இடத்திற்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கலாம். தோட்டத் தமிழர் மூன்றாவது பெயர் ஒன்றைச் சொல்லலாம். அருகிலுள்ள லுமுட் தீவு ‘இண்டா தீவு’ ஆனதைக் கண்ணெதிரே கண்ட நாம், இவற்றுள் ஒன்றை மூலமென்றும் ஏனையவற்றைத் திரிபென்றும் எழுதிவிடக் கூடாது. பதிவுப் படிவத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். மா மெரிப் பெயர்களில் தமிழ் எழுத்துக்கு அடங்காத ஒலிகள் வரும் என்பதால், சொன்னவரின் குரற்பதிவையும் உடன் வைப்பது கட்டாயம்.

மக்கள் இடம்பெயர்ந்து புழக்கமே நின்றுபோன இடங்களுக்கு இச்சொல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அவற்றை ‘வழக்கொழிந்த புழங்கிடப்பெயர்’ என்று குறித்து, யார் நினைவிலிருந்து பெறப்பட்டது என்பதையும் எழுதலாம். சொல்லைக் குழு ஏற்றால், பதிவுப் படிவத்தின் தலைப்பை அதற்கேற்ப மாற்றி அனுப்புகிறேன். படகுகள் கரைசேரும் இடத்தைக் குறிக்கும் மலாய் ‘பாகான்’ என்பதற்குத் ‘துறை’ போதுமா என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.