பஸ் வீட்டுக்கு எந்த பேட்டரி: ஆசிட்டா, சீல்டா?

திருமங்கலம்_பஸ்
எல்லோருக்கும் வணக்கம். பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வண்டி கப்பலூரில் ஒரு பட்டறையில் நிற்கிறது. பலகை வேலையும் வயரிங்கும் முடிந்துவிட்டன. கூரையில் 500 வாட் சோலார். சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 வாட்-ஹவர் என்று கணக்குப் போட்டேன். அதற்கு 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி இரண்டு வாங்கப் போகிறேன். லித்தியத்துக்குப் பணம் இல்லை. படுக்கைக்கு அடியில் பேட்டரிப் பெட்டியும் அடித்தாகிவிட்டது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற, தண்ணீர் ஊற்றுகிற ஆசிட் வகையான உயரமான டியூபுலர் வாங்குவதா, தண்ணீர் ஊற்றவே முடியாதபடி மூடி வருகிற சீல்டு வாங்குவதா?

கீழவாசல்_பேட்டரி
டியூபுலர்தான் தம்பி. இருபது வருடமாக பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். நம் ஊர் வெயிலில் சீல்டு படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால், ஜன்னலை அடைத்து நிறுத்திய பஸ்ஸுக்குள் இன்னும் கூடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அது இரண்டு வகைக்கும் பொதுதான். ஆனால் ஆசிட் பேட்டரியில் தண்ணீர் வற்றினால் ஊற்றிக்கொள்ளலாம். சீல்டில் வால்வு திறந்து வெளியே போன தண்ணீர் போனதுதான். இன்னொன்று, ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் எந்தச் செல் சோர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சீல்டில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை.

நாகமலை
கடைக்காரர் சொல்கிற வெயில் கணக்கு சரி. ஆனால் பேட்டரி எங்கே இருக்கப் போகிறது என்று தம்பி எழுதியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. படுக்கைக்கு அடியில்! மேலே குழந்தைகள் தூங்குவார்கள்.

நான் சப்ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேட்டரி ரூமுக்குத் தனி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்; லைட் சுவிட்சைக்கூட அறைக்கு வெளியேதான் வைப்போம். 12 வோல்ட் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கூடவே ஆசிட் ஆவியும் வரும். மனிதர்கள் படுக்கும் இடத்தில் ஆசிட் பேட்டரி கூடவே கூடாது. சீல்டு வாங்குங்கள். அதன் பெட்டிக்கும் வெளியே போகிற மாதிரி ஒரு காற்றுக் குழாய் வையுங்கள்.

உசிலை_பயணி
நானும் சீல்டு கட்சிதான், பட்டதால் சொல்கிறேன். என் வேனில் முதலில் வீட்டு டியூபுலர்தான் இருந்தது. போடிமெட்டு ஏறி மூணாறு போய்த் திரும்பினோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆசிட் அலைந்து, மூடியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைக்குச்சி வழியாகக் கசிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளைவுட் கறுத்து உப்பி, கீழே இரும்புச் சட்டம் வரை துரு. டெர்மினல் முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்த பேட்டரி அது. ஒன்றே 50 கிலோவுக்கு மேல், உயரமும் அதிகம். குலுங்குகிற வண்டிக்கு ஏஜிஎம் சீல்டு நல்லது. தகடுகளுக்கு நடுவே கண்ணாடி நார்ப் பாயை இறுக்கி வைத்திருப்பதால் உள்ளே எதுவும் ஆடாது.

கீழவாசல்_பேட்டரி
சரி, உயரமான டியூபுலர் வண்டிக்கு ஒத்துவராது, அதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கைக்கு அடியில் என்பதையும் நான் சரியாகப் படிக்கவில்லை, நாகமலை ஐயா சொன்னது நியாயம். ஆனால் ஆசிட் பேட்டரி என்றால் அது ஒன்றுதானா? இ-ரிக்‌ஷாவுக்கு வருகிற டியூபுலரைப் பாருங்கள். அதுவும் தண்ணீர் ஊற்றுகிற வகைதான். குழியிலும் மேட்டிலும் ஓடுவதற்கும், தினமும் ஆழமாகக் காலியாகித் திரும்ப ஏறுவதற்கும் என்றே செய்தது. உயரமும் குறைவு. பஸ் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் தகடு மெல்லிசு, ஃபேன் ஓட்டிக் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும்.

உசிலை தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் சீல்டு இப்போது எத்தனை வருடம்?

உசிலை_பயணி
இரண்டு வருடம்கூட ஆகவில்லை அண்ணே. முதல் ஜோடி ஒரே கோடையில் பக்கவாட்டில் உப்பிப் போனது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரை மாட்டிக் கொடுத்தவர் டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டுவிட்டார். மாதம் ஒருமுறை செல்களையெல்லாம் சமன் செய்கிறேன் என்று அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியிருக்கிறது. இப்போது இருப்பது இரண்டாவது ஜோடி.

கீழவாசல்_பேட்டரி
இதைத்தான் சொல்கிறேன். அதே தப்பு ஆசிட் பேட்டரியில் நடந்திருந்தால் இரண்டு பாட்டில் டிஸ்டில்டு வாட்டரோடு போயிருக்கும்.

நாகமலை
அது பேட்டரியின் குற்றமில்லை, மாட்டியவர் குற்றம். சீல்டு போடுகிறவர்கள் வெப்பம் பார்த்து வோல்ட்டைக் குறைக்கிற கன்ட்ரோலர் வாங்கி, அதன் சென்சார் வயரைப் பேட்டரி மேலேயே ஒட்ட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.02 வோல்ட். பேட்டரி 45 டிகிரியில் இருந்தால் 14.4-ஐ 14.0 ஆக இறக்க வேண்டும். இதைச் செய்தால் சீல்டு நம் ஊரிலும் உழைக்கும்.

தண்ணீர் ஊற்றுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று மாதம் வண்டியை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டால், தகடு வெளியே தெரிகிற வரை யாரும் மூடியைத் திறப்பதில்லை. காற்றுப் பட்ட தகடு பிறகு தேறாது.

திருமங்கலம்_பஸ்
மூன்று பேருக்கும் நன்றி. இன்று பட்டறைக்குப் போய், படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பக்கவாட்டு லக்கேஜ் டிக்கியில், இன்ஜினும் சைலன்ஸரும் இல்லாத பக்கமாக வைக்கிறோம். உள்ளே இருந்து வழியே இல்லாமல் தகடு அடித்து மூடி, டிக்கிக் கதவில் மேலேயும் கீழேயும் காற்று ஓட்டை. பேட்டரி வெளியே போய்விட்டதால் இ-ரிக்‌ஷா டியூபுலர் பக்கம் மனசு போகிறது. வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது என் பொறுப்பு.

நாகமலை
இடம் மாறியதே பெரிய நிம்மதி. நான் இன்னும் சீல்டுதான் சொல்வேன். ஆனால் இனி அது உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு இல்லை.

கீழவாசல்_பேட்டரி
தம்பி, டிக்கிக்குள் பேட்டரி நிற்கிற தட்டை ரன்னர் போட்டு வெளியே இழுக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். மேலே கை நுழைய இடம் இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்ற முடியாது. பின்பக்க செல்கள்தான் எப்போதும் வறண்டு கிடக்கும். தட்டுக்குள் பிளாஸ்டிக் ட்ரே வையுங்கள், கசிந்தாலும் சட்டத்தில் படாது. முழுசாகச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். வீட்டு ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.