காவடிப் படத்தை இயந்திரம் அழித்துவிட்டது: நாம் என்ன சட்டம் கேட்பது?

கேள்வி: ரோஸ்ஹில் டீச்சர் (மொரீஷியஸ்)

வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடத் தைப்பூசத்துக்கு என் அண்ணன் மகன் முதல்முறையாகக் காவடி எடுத்தான். பத்து நாள் விரதம். கோர் தெ கார்த் மலைக்கோவில் படியில் அவன் ஏறும்போது ஒரு படம் எடுத்தேன். கன்னத்தின் குறுக்கே வெள்ளி வேல், நாக்கில் சின்ன அலகு. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. கண்களை மூடியிருந்தான். முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை.

அந்தப் படத்தை ஒரு சமூக வலைத்தளத்தில் போட்டேன். போட்ட கையோடு காணாமல் போய்விட்டது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைத் தூண்டும் படமாம். கூடவே, மனம் உடைந்திருந்தால் யாரிடமாவது பேசுங்கள் என்று ஓர் அறிவுரை. மேல்முறையீடு செய்தேன். ஃபோனைக் கீழே வைப்பதற்குள் அதே வாக்கியம் திரும்பி வந்தது. மனிதர் யாரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. பிள்ளையோடு சேர்ந்து விரதம் இருந்த அண்ணி அழுதுவிட்டார்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் நாடு இது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாடு.

இந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். “பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார் உடன் வேலை பார்ப்பவர். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 2024 அக்டோபரில் அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் பேசிய தொலைபேசிப் பதிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டோம். செயற்கை நுண்ணறிவால் திரித்தவை என்றது அன்றைய பிரதமர் தரப்பு. அப்புறம் நவம்பர் 1 அன்று, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சமூக வலைத்தளங்களை 11ஆம் தேதி வரை முடக்கச் சொல்லி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெற்றார்கள்.

காரணம் சொல்லாமல் அழிக்கிறது இயந்திரம். ‘எல்லாம் இயந்திரம் செய்தது’ என்று சொல்லி வாயை மூடப் பார்க்கிறது அரசு. இரண்டுக்கும் நடுவில் எப்படிப்பட்ட சட்டத்தைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சென்பியேர்வாசி (ரீயூனியன்)

அக்கா, உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் சட்டம் வேறு. ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இங்கே செல்லும். 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 17ஆவது பிரிவின்படி, எதையாவது நீக்கினால் காரணம் சொல்லியாக வேண்டும். முடிவெடுக்க இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முறையிட ஆறு மாதமாவது அவகாசம் உண்டு. 20ஆவது பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்த்துவைக்கக் கூடாது, தகுதியுள்ள ஆட்களின் மேற்பார்வை வேண்டும் என்கிறது.

எங்கள் கோவில் தீமிதி வீடியோவையும் இப்படித்தான் தூக்கினார்கள். முறையிட்டோம். ஒன்பது நாள் கழித்துத் திரும்ப வந்தது. தீமிதி என்றால் என்னவென்று பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். படித்துப் பார்க்க ஒரு மனிதர் இருந்தார், அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

பதில்: டர்பன் வக்கீல், ஓய்வு

டீச்சரம்மா, ஐரோப்பா வரை போகவே வேண்டாம். மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஆணையம் 2019இல் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. இணைய நிறுவனங்கள் கையாளும் செயற்கை நுண்ணறிவும் அல்காரிதமும் கருத்துச் சுதந்திரத்தை மீறாதபடி அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 39ஆவது கொள்கை சொல்கிறது. பிரகடனம்தான், கட்டாயச் சட்டம் இல்லை. ஆனாலும் ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தில் உங்கள் நாடும் சேர்ந்திருக்கிறது, அதனால் மனுவில் தாராளமாக எடுத்துக்காட்டலாம். கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் உங்கள் அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரு பதிவு போலியா உண்மையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அமைச்சரிடமோ அவர் நியமிக்கும் ஆணையத்திடமோ போகவே கூடாது. போலி என்று சொல்பவர் நீதிமன்றத்தில் வந்து நிரூபிக்கட்டும். உங்கள் ஊரில் 2021இல் என்ன திட்டம் வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மீண்டும்: ரோஸ்ஹில் டீச்சர்

நினைவிருக்கிறது ஐயா. சமூக வலைத்தளப் போக்குவரத்து முழுவதையும் அரசு சர்வர் வழியாகத் திருப்பி, அதன் மறையாக்கப் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கும் யோசனை. அதையும் முன்வைத்தது ஒழுங்குமுறை ஆணையம்தான். கூகுள், மொசில்லாகூட எதிர்த்தார்கள். நல்லவேளை, நடக்கவில்லை. அதனால்தான் வெறுமனே ‘கட்டுப்படுத்துங்கள்’ என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது தெளிவாகிவிட்டது. எதை அழிக்க வேண்டும் என்று அரசு கட்டளையிடும் சட்டம் வேண்டாம். அழிப்பவர் காரணம் சொல்லவும், கேட்டால் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கவும் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அந்த மனிதருக்குக் காவடி என்றால் என்னவென்று சொல்லித்தர எங்கள் ஊரில் ஆயிரம் பேர் தயார். சென்பியேர் தம்பி, அந்த ஒரு பக்கப் பிரெஞ்சுக் கடிதத்தை எனக்கு அனுப்ப முடியுமா? எங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே மனு எழுதுகிறோம். படத்தையும் இணைக்கிறேன். முதல் கையெழுத்து அண்ணியுடையது.